முதலில் கேமரா, அப்புறம்தான் வாய்: இஸ்போர்ட்ஸ் நேரலைகளுக்கு ஒரு மதிப்பீடு

வீடியோ கேம் போட்டியின் நேரலை ஒன்று தேறுமா தேறாதா என்று பார்க்க இரண்டே ரவுண்டு போதும். முதல் ரவுண்டை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒலி இல்லாமலே யார் எங்கிருந்து வந்தார், ஏன் அடிபட்டார் என்பது புரிந்தால் அப்சர்வர் வேலை தெரிந்தவர். கண்ணை மூடியும் எத்தனை பேர் மிச்சம், நெருக்கடி எந்த அணிக்கு என்பது தெரிந்தால் வர்ணனையாளர் வேலை தெரிந்தவர். பெரும்பாலான நேரலைகள் இரண்டாவது சோதனையில் தட்டுத்தடுமாறித் தேறிவிடும். முதல் சோதனையில்தான் மாட்டிக்கொள்ளும். ஆனால் ரசிகர்கள் திட்டுவது என்னவோ எப்போதும் பேசுகிறவரைத்தான்.

அப்சர்வர் என்பவர் ஆட்டத்துக்குள் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்துகொண்டு, எந்த வீரரின் பார்வையைத் திரையில் காட்டுவது என்று நொடிக்கு நொடி முடிவெடுப்பவர். ஐவர் ஐவராக இரு அணிகள் மோதும் துப்பாக்கி ஆட்டமான கவுண்டர் ஸ்ட்ரைக்கில் பத்து வீரர்களுக்கு 1 முதல் 0 வரை பத்து விசைகள். துப்பாக்கிச் சத்தம் கேட்டபின் விசையை அழுத்தினால் காரியம் முடிந்திருக்கும். சுவரோரம் சாய்ந்து கிடக்கும் உடலும் வலது மேல்மூலையில் யார் யாரைக் கொன்றார் என்ற ஒரு வரி கில் ஃபீடும்தான் மிஞ்சும். அந்த நிலையில் எப்பேர்ப்பட்ட வர்ணனையாளரும் கில் ஃபீடை உரக்கப் படிக்க வேண்டியதுதான். "இவர் வெறும் பெயர்ப்பட்டியல் வாசிக்கிறார்" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் கேமராவின் பாவம் என்பது எங்கள் கணிப்பு.

நல்ல அப்சர்வரின் கண் பெரிய படத்தில் இருக்காது, திரை ஓரத்துச் சிறு வரைபடமான மினிமேப்பில் இருக்கும். இரண்டு புள்ளிகள் ஒரே மூலையை நோக்கி நகர்ந்தால் மோதலுக்கு ஒன்றிரண்டு நொடி முன்பே பார்வையை மாற்றிவிடுவார். பெரும்பாலும் பதுங்கிக் காத்திருப்பவரின் பார்வைதான் சரியான தேர்வு. சுவருக்கு அப்பால் வருகிறவரின் உருவரையை எக்ஸ்ரே காட்டுவதால், வரப்போகிறார், வந்துவிட்டார், இதோ என்று பார்ப்பவருக்கே பதைப்பு ஏறும். ஓடி வருபவரின் பார்வையைக் காட்டினால் திடீரென்று திரை சிவந்து கறுக்கும். ஒன்றும் விளங்காது.

கவுண்டர் ஸ்ட்ரைக் நேரலைகள்தான் இன்றைக்கு எல்லா ஆட்டங்களிலும் தரத்தில் முன்னணியில் இருக்கின்றன. அதற்கு அந்த ஆட்டத்தின் அமைப்பே பாதிக் காரணம். ரவுண்டு 1 நிமிடம் 55 நொடி. ஓர் அணி பாம் வைக்கப் பார்க்கும், மற்றது தடுக்கும். வைத்தால் வெடிக்க 40 நொடி. செயலிழக்கச் செய்ய, அதற்கான கருவியான கிட் இருந்தால் 5 நொடி, இல்லையென்றால் 10. இந்த நான்கு எண்கள் தெரிந்தால் போதும், முதல் நாள் பார்ப்பவரும் நகத்தைக் கடிக்கலாம். ஆடுகிறவர்களின் திரையில் பாம் வெடிக்க எத்தனை நொடி மிச்சம் என்ற கடிகாரம் கிடையாது. பீப் ஒலி விரைவதை வைத்து அவர்களே கணக்குப் போட வேண்டும். படத்தின் மேல் தகவல் காட்டும் நேரலை ஓவர்லேயில் மட்டும் அது கோடாகக் கரைந்துகொண்டே வரும். ஆடுகிறவருக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரிகிறது. வர்ணனையின் சரக்கு முழுவதும் அந்த இடைவெளியில் இருக்கிறது.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பாம் வைத்தாயிற்று. ஒருவருக்கு ஒருவர். 14 நொடி மிச்சம். பாமைக் காக்கும் வீரர் பெட்டிக்குப் பின்னால். எதிராளியிடம் கிட் இல்லை. மோசமான வர்ணனை இப்படிப் போகும்: "ஐயோ, என்ன ஒரு ரவுண்டு, இரண்டு பேருமே அருமையான வீரர்கள், இது யார் பக்கம் வேண்டுமானாலும் போகலாம்!" இதில் ஒரு தகவல்கூட இல்லை. நல்ல வர்ணனை: "கிட் இல்லை. பத்து நொடி வேண்டும். இப்போதே தொட்டாக வேண்டும்." அவ்வளவுதான். அதன்பின் வாயை மூடிவிட வேண்டும். ஏனென்றால் அடுத்து வருவது ஒலி. எதிராளி பாமைத் தொடும் சத்தம் ஒரு நொடி கேட்டு நிற்கும். அது பொய்த் தொடுகை. பெட்டிக்குப் பின்னால் இருப்பவர் அதை நம்பித் தலையை நீட்டினால் ரவுண்டு போயிற்று, நம்பாமல் இருந்தால் ஜெயித்தார். அந்தச் சின்னக் கிளிக் ஒலியின் மேல் யாராவது "ஓ மை காட்" என்று கத்திவிட்டால் அந்த நாடகமே பார்ப்பவர் காதுக்கு வராது. சுட்டது யார் என்று மட்டும் தெரியும், ஏன் சுட முடிந்தது என்பது தெரியாமலே போகும். கத்த வேண்டிய நேரம் அதற்கு அடுத்த அரை நொடி.

எக்ஸ்ரே கொண்டுவரும் நோய் ஒன்றும் உண்டு. எல்லாரையும் பார்க்க முடிவதால் வர்ணனையாளருக்குக் கடவுள் நினைப்பு வந்துவிடுகிறது. "ஏன் திரும்பவில்லை? பின்னால்தானே நிற்கிறான்!" என்று வீரரைக் கடிந்துகொள்வார். அந்த வீரருக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டதா, கூட்டாளி அந்த வழியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாரா என்பதெல்லாம் கணக்கில் வராது. விஷயம் தெரிந்த வர்ணனையாளர் இரண்டு அறிவையும் பிரித்தே பேசுவார்: இவருக்கு என்ன தெரியும், நமக்கு என்ன தெரியும். இந்த ஒன்றைக் கவனித்தாலே ஆள் எவ்வளவு தூரம் ஆட்டத்துக்குள் போயிருக்கிறார் என்று எடைபோட்டுவிடலாம்.

ரவுண்டுக்கு முன் ஆயுதம் வாங்கும் நேரம்தான் இன்னொரு உரைகல். சில நொடிகள்தான் கிடைக்கும். அதில் சொல்ல வேண்டியது ஆட்டத்துக்குள் ஓடும் பணக்கணக்கு. தோற்ற அணிக்குக் கிடைக்கும் உதவித்தொகை 1400 டாலரில் தொடங்கி ஐந்நூறு ஐந்நூறாக ஏறி 3400-இல் நிற்கும். ஏடபிள்யூபி என்ற தொலைதூரத் துப்பாக்கி 4750. ஆக இந்த அணி இந்த ரவுண்டை விட்டுக்கொடுத்தால் அடுத்த ரவுண்டில் எத்தனை பேர் கையில் ரைஃபிள் இருக்கும் என்பது மனக்கணக்கு. இதைச் சொல்லாமல் வீரரின் பழைய அணி, பழைய கோப்பை என்று கதை அளப்பவர்கள் ஏராளம். 2023-இல் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்து 13 ரவுண்டு எடுத்தால் வெற்றி என்றானபின் கதை அளக்க நேரமும் குறைந்துவிட்டது. முன்பு 16 வேண்டும். அரைப்பகுதிக்கு மூன்று ரவுண்டு குறைந்ததில் கைத்துப்பாக்கியோடு ஆடும் முதல் ரவுண்டான பிஸ்டல் ரவுண்டின் எடை கூடியது. இன்னும் பழைய பழக்கத்தில் முதல் ரவுண்டை வெள்ளோட்டம் போலப் பேசுகிறவர்கள் திருந்தவில்லை.

டோட்டா 2 முற்றிலும் வேறு மிருகம். தேர்ந்தெடுக்க நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஹீரோக்கள், அதாவது ஆடும் பாத்திரங்கள். ஒரு மோதலில் பத்து ஹீரோக்கள், ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கு திறன்கள், பையில் ஆறு பொருள்கள் வரை. எல்லாம் ஐந்தாறு நொடிக்குள் வெடிக்கும். இதை வாயால் பிடிக்க முடியும் என்று நிரூபித்தவர் ஆங்கில வர்ணனையாளர் ஓடிபிக்ஸல். மூச்சு விடாமல் கொட்டும் அவர் வேகத்தைப் பலர் நகலெடுக்கிறார்கள். வேகம் வருகிறது, வரிசை வருவதில்லை. மோதலில் முதலில் சொல்ல வேண்டியது யாருடைய பெரிய திறன் வீணானது, செத்த ஹீரோவை உடனே மீட்கும் பைபேக் பணம் யாரிடம் இருக்கிறது என்பவைதான். கொத்துக்கொத்தாகத் திறன்களின் பெயரைச் சொல்லிவிட்டு இதை விட்டால் கேட்பவருக்கு மழைச்சத்தம் கேட்டதுபோல்தான். மோதல் முடிந்தபின் உடன் இருக்கும் ஆய்வாளர் ரீப்ளேயை வைத்துப் பிரித்துக் காட்டுவார். அங்கேதான் டோட்டா நேரலைகள் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுகின்றன. புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கொடுமை என்பதும் உண்மை. டோட்டாவின் உலகப் போட்டியான தி இன்டர்நேஷனலில் புதியவர்களுக்கென்றே தனி ஒளிபரப்பு நடத்தியது அதனால்தான். எல்லா ஆட்டங்களும் பின்பற்ற வேண்டிய யோசனை அது. ஏனோ யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

டோட்டாவிடம் இருக்கும் இன்னொரு வசதி, ஆட்டத்தின் செயலிக்குள்ளேயே போட்டியைப் பார்ப்பது. வர்ணனையாளரின் கேமராவைப் பின்தொடரலாம், அலுத்தால் நீங்களே கேமராவை நகர்த்தலாம், வர்ணனை மொழியையும் மாற்றிக்கொள்ளலாம். அப்சர்வர் சொதப்பினாலும் நீங்கள் தப்பித்தீர்கள்.

டோட்டா வகை ஆட்டமான லீக் ஆஃப் லெஜண்ட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் பெரிய குறை இல்லை. அதை உருவாக்கிய ரயட் நிறுவனம் பணத்தைக் கொட்டுகிறது, படத்தில் தெரிகிறது. 2017 உலக இறுதிப்போட்டியின் தொடக்க விழாவில் பெய்ஜிங் மைதானத்தில் பறந்து இறங்கிய கணினி வரைகலை டிராகனுக்கு ஸ்போர்ட்ஸ் எம்மி விருதே கிடைத்தது. பாரன் என்ற அரக்கனின் குழியைச் சுற்றி (பேரன் என்று எழுதினால் தாத்தா நினைவு வந்துவிடும்) இரு அணிகளும் நிற்கும்போது கேமராவை எங்கே வைப்பது, பாரனின் உயிர் எண்ணை எப்போது பெரிதாகக் காட்டுவது என்பதெல்லாம் பழகிப் பழகி மெருகேறிவிட்டது. குறை ஒன்றே: மேசை. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நான்கு பேர் உட்கார்ந்து ஒருவர் சொன்னதையே மற்றவர் வேறு வார்த்தையில் சொல்வது. ஐந்து நிமிடம் பேசினால் அதில் ஒரு கிளிப்பாவது ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் தேநீர் போடப் போகலாம்.

கட்டடம் கட்டிப் படை திரட்டும் வியூக ஆட்டமான ஸ்டார்கிராஃப்டில் இருந்துதான் இந்தத் தொழிலின் இலக்கணமே வந்தது. 2000-இல் தென்கொரியாவில் தொடங்கிய ஓஜிஎன் தொலைக்காட்சி வீடியோ கேமுக்கென்று ஒரு சேனல் நடத்த முடியும் என்று காட்டியது. ஒருவர் நடப்பைச் சொல்ல, இருவர் விளக்கம் தர, மூன்று பேர் மேசை அங்கே பழகிப்போன வடிவம். ஆங்கிலத்தில் 2010 முதல் கொரிய ஸ்டார்கிராஃப்ட் 2 லீக்கான ஜிஎஸ்எல் போட்டிகளை வர்ணித்த டேஸ்ட்லெஸ், ஆர்டோசிஸ் இணை வேறு வழியில் போனது. ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களில் கட்டடம் கட்டுவதைத் தவிர ஒன்றும் நடக்காது. அதைக் கிண்டலும் அரட்டையுமாக நிரப்பிக்கொண்டே ஒரு கண்ணால் எதிராளியின் வேவுத்தொழிலாளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வழக்கத்துக்கு மாறாக ஒரு கட்டடம் முளைத்தால் சிரிப்பு நடுவில் அறுபடும். அந்த அறுபடல்தான் பார்ப்பவருக்கு எச்சரிக்கை மணி. ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு இன்றும் ஸ்டார்கிராஃப்ட் வர்ணனையே சிறந்த பாடம்.

அதே வகை ஆட்டமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கும் இங்கே ஒரு வரி உண்டு. ரசிகர்கள் தொடங்கிய கேப்ச்சர்ஏஜ் என்ற பார்வைக் கருவி இரு தரப்பின் கிராமவாசிகள் எண்ணிக்கை, கையிருப்பு, எந்த யுகத்துக்கு எப்போது போகிறார்கள் என்பதை ஒரே திரையில் விரிக்கிறது. பெரிய நிறுவனங்களின் ஓவர்லேக்களே இதனிடம் பாடம் கேட்கலாம். வர்ணனையாளர் டி90 நடத்தும் ஹிட்டன் கப் போட்டியில் வீரர்களின் பெயர் மறைக்கப்படும். ஆடும் பாணியை வைத்து இவர் யாராக இருக்கும் என்று வர்ணனையாளரே ஊகிக்க வேண்டும். பெயரையும் புகழையும் வைத்துக் காலம் தள்ள முடியாது, ஆட்டத்தைப் பார்த்தே பேசியாக வேண்டும்.

சண்டை ஆட்டங்களில் பேச்சு பிரமாதம், ஒளிபரப்பு அமைப்பு சுமார். நொடிக்கு 60 ஃப்ரேம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் டிரைவ் இம்பாக்ட் என்ற கனத்த அடி வெளிவர 26 ஃப்ரேம் ஆகும், அதாவது அரை நொடிக்கும் குறைவு. அதைப் பார்த்துத் திருப்பி அடித்தாரா, முன்கூட்டியே ஊகித்தாரா என்பதை வர்ணனையாளர் சொல்ல வேண்டும், அதுவும் அடுத்த அடி விழுவதற்குள். ஆகவே இங்கே ஆட்டத்தை வர்ணிப்பதே வீண். அடி விழுந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. சொல்ல வேண்டியது டிரைவ் மானி, அதாவது இத்தகைய நகர்வுகளுக்குச் செலவாகும் ஆற்றலின் அளவு. ஆறு கட்டத்தில் எத்தனை மிச்சம், தீர்ந்துபோய் பர்ன்அவுட்டில் மூலையில் மாட்டினால் என்ன ஆகும் என்பது. "கட்டம் காலி. மூலை. இனி டிரைவ் இம்பாக்டைத் தடுத்தாலும் தலை சுற்றும்." இவ்வளவு போதும், அடுத்த மூன்று நொடிக்கு ரசிகர் நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிடுவார்.

2004 எவோ சண்டை ஆட்டப் போட்டியில் டைகோ உமெஹாரா ஒரு துளி உயிரை வைத்துக்கொண்டு எதிராளி ஜஸ்டின் வாங்கின் பாத்திரமான சுன்-லி தொடுத்த 15 அடிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்ட காட்சியை இப்போது பார்த்தாலும் மயிர்க்கூச்செறியும். அதில் நம்மை உலுக்குவது மண்டபத்தின் இரைச்சல். வர்ணனை அதற்கு வழிவிட்டது. இன்றைய அரங்குகளில் பார்வையாளர் மைக்கைத் தாழ்த்தி வர்ணனையாளர் குரலைத் தூக்கி வைக்கும் ஒலிப்பதிவாளர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை கேட்பது நல்லது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஒரு விநோத வசதியையும் உள்ளேயே வைத்திருக்கிறது: நிஜ வர்ணனையாளர்களின் குரலைப் பதிந்துவைத்துத் தானாகப் பேசும் வர்ணனை. ஆட்டத்தின் எல்லா எண்களும் அதற்குத் தெரியும், ஒரு தடவைகூடத் தவறாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஐந்தாவது ஆட்டத்தில் நிற்கிறோம், முதல் ஆட்டத்தில் இதே தாவலுக்கு இவர் அடி வாங்கினார் என்பது அதன் பேச்சில் வராது. நினைவு இல்லாத வர்ணனை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கடைசிவரை பிழைப்பவர் வெல்லும் பேட்டில் ராயல் ஆட்டங்களுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்பதே எங்கள் தீர்ப்பு. பப்ஜி போட்டியில் 16 அணி, 64 பேர். ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் சண்டை. எத்தனை அப்சர்வர்களைப் போட்டாலும் திரை ஒன்றுதான். பார்ப்பவர் கண்ணெதிரே ஓர் அணி காணாமல் போகும், காரணம் ரீப்ளேயில்தான் தெரியும், ரீப்ளே ஓடும்போது இன்னோர் அணி காலி. தப்பிக்க ஒரே வழி புள்ளிக்கணக்கைப் பிடிப்பது: முதலிடத்துக்கு 10, அடுத்து 6, 5, 4, 3, 2, 1, 1, ஒவ்வொரு கில்லுக்கும் 1. கடைசி ஆட்டங்களில் கோப்பைக்கு எத்தனை அணிகள் போட்டியில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இன்னும் எத்தனை புள்ளி தேவை என்று ஓவர்லே காட்டி, கேமராவும் அந்த அணிகளோடு மட்டும் நின்றால் பாதிக் குழப்பம் தீரும். அதைவிட்டு எங்கே துப்பாக்கி வெடித்தாலும் அங்கே ஓடும் கேமரா திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி.

இனி இயந்திரம். சிறிய போட்டிகளை நடத்துபவர்கள் சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான், திருத்துவதும் எளிது.

மைக்கின் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, ஒலிச்சோதனையில் சாதாரணமாகப் பேசும் குரலுக்கு வைத்துவிடுவார்கள். ஒற்றை ஆள் நெருக்கடியில் மிஞ்சி நின்று ஜெயிக்கும் முதல் கிளட்ச் வந்ததும் வர்ணனையாளர் கத்துவார், ஒலி கரகரவென்று உடையும். உடைந்த ஒலியை, உரத்த ஒலியை அமுக்கும் எந்தக் கம்ப்ரெஸ்ஸரும் ஒட்ட வைக்காது. சோதனையின்போதே முழுக் குரலில் கத்தச் சொல்லி அதற்குக் கெயினை வைத்து, 3:1 அல்லது 4:1-இல் கம்ப்ரெஸ்ஸர், கடைசியில் ஒலி உச்சத்தைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர் போட வேண்டும். ஆட்டத்தின் ஒலி குரலைவிட 10, 12 டெசிபல் கீழே இருந்தால் இரண்டும் கேட்கும். குரல் வரும்போது ஆட்ட ஒலி தானாகத் தாழும் டக்கிங்கைப் போடலாம், ஆனால் மீண்டு வரும் நேரத்தை மிகக் குறைவாக வைத்தால் ஒவ்வொரு வார்த்தை இடுக்கிலும் துப்பாக்கிச் சத்தம் பொங்கிப் பொங்கி அடங்கும். கேட்கத் தலைவலி.

வீட்டிலிருந்து பேசும் வர்ணனையாளர்களால் வருவது தாமதச் சிக்கல். அவருக்குப் படம் முக்கால் நொடி தாமதமாகப் போனால் அவர் கத்தலும் முக்கால் நொடி தாமதமாக வரும். திரையில் ஆள் விழுந்து, ஒரு கணம் நிசப்தம், பிறகு "அடடா!" சரிசெய்ய, ரவுண்டு தொடங்கும் முன் ஓடும் கடிகாரத்தோடு சேர்ந்து அவரை மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பதிவில் எண்ணுக்கும் குரலுக்கும் எத்தனை மில்லிநொடி வித்தியாசம் என்று பார்த்து, ஆட்டத்தின் படத்தையும் ஒலியையும் அவ்வளவு தள்ளிப்போட்டால் போதும். ஆட்ட ஒலியை மறந்துவிட்டுப் படத்தை மட்டும் தள்ளுவது வழக்கமான பிழை.

படத்துக்கு வந்தால், நேரலைத் தளமான ட்விட்ச் நெடுங்காலமாகச் சொல்லும் வரம்பு நொடிக்கு 6000 கிலோபிட் (கேபிபிஎஸ்). 1080பி, 60 ஃப்ரேமில் அதை வகுத்தால் ஒரு பிக்ஸலுக்கு 0.05 பிட்கூடத் தேறாது. ஸ்டார்கிராஃப்டுக்குப் பரவாயில்லை. புல்வெளியில் ஊர்ந்து போகும் பப்ஜியில் திரை சோற்றுக்கூழ் ஆகிவிடும். அதே 6000-ஐ 720பி, 60 ஃப்ரேமுக்குக் கொடுத்தால் பிக்ஸலுக்கு இரு மடங்குக்கு மேல், சுமார் 0.11. எண் சிறியது, படம் தெளிவு. 1080 என்ற பெருமைக்காகக் கூழைக் காட்டுகிறவர்களே அதிகம்.

பெரிய பணம் இருந்தாலும் இதெல்லாம் சரியாக அமையும் என்ற உத்தரவாதமில்லை. 2016 ஷாங்காய் மேஜர் டோட்டா போட்டியில் ஒலிக் கோளாறும் காத்திருப்புமாக நாள்கள் நகர, போட்டியின் நடுவிலேயே தொகுப்பாளரையும் தயாரிப்பு நிறுவனத்தையும் டோட்டாவை உருவாக்கிய வால்வ் மாற்றியது.

போட்டியின் படத்தை எடுத்துத் தங்கள் பேச்சோடு காட்டும் இணை ஒளிபரப்புகள் பக்கம் கூட்டம் நகர்வதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். கவுண்டர் ஸ்ட்ரைக்குக்குப் போர்ச்சுகீசிய மொழியில் காவ்லெஸ், லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கு ஸ்பானிய மொழியில் இபாய் போன்றவர்கள் அதிகாரபூர்வ நேரலைகளோடு போட்டி போடும் அளவுக்குக் கூட்டம் சேர்க்கிறார்கள். இபாய் முறையான வர்ணனையாளராக இருந்தே வந்தவர் என்பதால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். இவரைப் பார்த்துத் தொடங்குகிறவர்கள் பலருக்கு அது தெரியாது. ரசிகர்களின் சாட் பெட்டியைப் படித்துக்கொண்டே ஆட்டத்தைத் தவறவிடுவார்கள், தங்கள் முகத்தை மினிமேப்பின் மேலேயே ஒட்டிவைப்பார்கள். மினிமேப் மறைந்த இணை ஒளிபரப்பை உடனே மூடிவிடலாம், யோசிக்கவே வேண்டாம்.

கடைசியாக, நேரலையைத் தவறவிட்டுப் பதிவைப் பார்ப்பவர்களின் குறை. இரண்டு மேப் ஜெயித்தால் முடியும் மூன்று மேப் தொடரின் பதிவைத் திறந்தால் கீழே நேரக்கோட்டில் 1 மணி 50 நிமிடம் என்று இருக்கும். இரண்டாவது மேப் முடிய இன்னும் ஐந்து நிமிடம், கோடும் ஐந்து நிமிடத்தில் முடிகிறது. மூன்றாவது மேப் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும், அணி எவ்வளவு போராடினாலும். பதிவின் முடிவில் ஒரு மணி நேரம் வெற்றுத்திரையைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. ஒரு பைசா செலவில்லை. எத்தனை ஏற்பாட்டாளர்கள் செய்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.